காணப்படாத குட்டிகள்

அவைக்குத் தலைமை தாங்கும் நகரசபைத் தலைவர் ஏல்கோ ஹுக்ஸ்ட்ரா அவர்களே! கடலை மறித்துக் கழனியைக் காத்த கரைகாவல் குழுவின் பெரியவர்களே! மழையில் மிதிவண்டி மிதித்து, நனைந்து, நடுவரிசையில் நடுங்கியபடி அமர்ந்திருக்கும் தாய்மார்களே! காற்றாலை இறக்கைகளை வார்த்தெடுக்கும் பிசின் கூடத்துப் பெண்மணிகளே! மழைக்கோட்டைக் கூடக் கழற்றாமல் பின்வரிசையில் நிற்கும் காளையரே! முன்வரிசையை முழுதாகப் பிடித்துக்கொண்ட ஆலை நிர்வாகத்தாரே! உங்கள் அனைவருக்கும் ஆலி வீர்ஸ்மாவின் அன்பு வணக்கம்.

நாம் எப்படிப்பட்ட மக்கள்? விருந்தாளிக்கு ஒரு காப்பி, ஒரு பிஸ்கட். உடனே டப்பாவை மூடிவிடுகிற மக்கள்! இன்று வாசலில் என்ன நடந்தது? ஆளுக்கு இரண்டு கேக்! கொடுத்தவர் யார்? ஆலை! எனக்கு அங்கேயே சந்தேகம் தொற்றிக்கொண்டது. சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், சாப்பிட்டுவிட்டும் சந்தேகப்படலாம், தவறில்லை.

போன சனிக்கிழமை சந்தையில், பாலாடைக்கட்டிக் கடை முன்னால், பிசின் கூடத்தில் வேலை செய்யும் ஹிஸ்கே என்னைப் பிடித்து நிறுத்தினாள். "ஆலி, நீங்க காலமெல்லாம் எலி ஆராய்ச்சியிலேயே ஊறினவங்க. கூடத்துக்குப் புதுசா ஒரு கரைப்பான் வருதாம். வயித்துல இருக்கிற பிள்ளைக்கு ஒண்ணும் ஆகாதுன்னு அறிக்கை சொல்லுதாம். நம்பி உள்ள போலாமா, கூடாதா? சுத்தி வளைக்காம சொல்லுங்க" என்றாள்.

சுற்றி வளைக்காமல் சொல்ல எனக்கும் ஆசைதான். அதற்காக, அந்தக் கரைப்பானை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்த ஆய்வின் அறிக்கையைப் படித்தேன். அட்டை அழகு, அச்சு அழகு, அட்டவணை அழகு! அழகுக்கு நடுவே ஒரு வரி: "இறந்த குட்டிகள் காணப்படவில்லை."

காணப்படவில்லை! அவையோரே, அந்தச் சொல்லைக் கொஞ்சம் திருப்பிப் பாருங்கள். இறக்கவில்லை என்றா எழுதியிருக்கிறது? இல்லை. காணப்படவில்லை! யார் கண்ணுக்குக் காணப்படவில்லை? எப்போது பார்த்த கண்ணுக்குக் காணப்படவில்லை?

ஆய்வகத்துக்குத் தொலைபேசினேன். ஆய்வை நடத்திய டாக்டர் ரைன்டர் போஸ்மா, இதோ முன்வரிசையில் இருக்கிறார். கரைப்பானைக் கர்ப்ப காலம் முழுக்க உண்ட தாய் எலிகள் எப்போது ஈன்றன என்று கேட்டேன். "வார இறுதியிலதான்" என்றார். எப்போது எண்ணினீர்கள்? "திங்கட்கிழமை காலையில. சனி, ஞாயிறு யாருங்க வேலைக்கு வருவா?" என்றார்.

யார் வருவார்? இந்த நாட்டில் யாருமே வரமாட்டார்! நம் வார இறுதியில் நகரசபை கை வைக்காது, வரித்துறை கை வைக்காது. ஆனால் எலிக்கு ஏது ஞாயிற்றுக்கிழமை? தாய் எலியின் பழக்கம் ஒன்று உண்டு. செத்த குட்டியைக் கூட்டில் விட்டுவைக்காது, தின்றுவிடும். சனிக்கிழமை செத்தது திங்கட்கிழமை எப்படி ஐயா காணப்படும்?

திரு. டெர்ஹார் ஏதோ சொல்கிறார். ஆலையின் மேலாளர் சொன்னால் அவை கேட்கத்தானே வேண்டும்? பின்வரிசைக்கு எட்டியிருக்காது, நான் சொல்கிறேன்: "அதுக்கு ஆதாரம் ஏதாவது இருக்கா? சும்மா யூகந்தானே?"

யூகந்தான். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கரைப்பானை உண்ட தாய்களிடம் குட்டிகள் குறைவு என்று உங்கள் அறிக்கையே சொல்கிறது; சொல்லிவிட்டு, "இயல்பான ஏற்ற இறக்கம்" என்று பூசி மெழுகுகிறது. ஆதாரத்துக்கும் வழி இருக்கிறது. தாய் எலியின் கருப்பையில் ஒட்டிய ஒவ்வொரு கருவும் ஒரு தழும்பை விட்டுப்போகும். குட்டியைத் தின்னலாம், தழும்பைத் தின்ன முடியாது! தழும்புகளையும் குட்டிகளையும் ஒப்பிட்டால் தொலைந்தவை எத்தனை என்று தெரிந்துவிடும்.

டாக்டர் போஸ்மா, அந்தக் கருப்பைகள் இருக்கின்றனவா? தரையைப் பார்க்காதீர்கள், தரை படிக்கவில்லை, நீங்கள் படித்திருக்கிறீர்கள். "இருக்கு... ஜாடியில இருக்கு." எண்ணினீர்களா? "எண்ணச் சொல்லி யாரும் கேக்கல." கேட்டீர்களா அவையோரே! காணப்படவில்லையாம், காண்பதற்குக் கண்ணைத் திறக்கவே இல்லை!

மறுபடியும் திரு. டெர்ஹார். "எங்ககிட்ட விதிமுறை இருக்கு. கர்ப்பமா இருக்கிறவங்க சொன்னாங்கன்னா அன்னைக்கே வேற பிரிவுக்கு மாத்திடுவோம்."

சொன்னால்! நம் ஊரில் மூன்று மாதம் முடியாமல் எவள் ஐயா வாய் திறக்கிறாள்? பெற்ற தாயிடமே சொல்வதில்லை, மேலாளரிடமா சொல்வாள்? கையும் காலும் கண்ணும் இதயமும் உருவாவது அந்த மௌன மாதங்களில்தான். நச்சு நுழைய நல்ல நேரமும் அதுதான். உங்கள் விதிமுறை விழித்துக்கொள்ளும் முன்னரே...

யார் எழுந்திருப்பது? ஹிஸ்கேவா? சொல் அம்மா, உரக்கச் சொல்.

"அப்ப இங்கேயே சொல்லிடறேன் சார். எனக்கு ஆறு வாரம். எங்க அம்மாவுக்கே இன்னும் தெரியாது."

அவள் அம்மா நடுவரிசையில்தான் இருக்கிறார். "அடிப்பாவி! எங்கிட்ட சொல்லாம ஊருக்கே சொல்றியா?" என்று கேட்டபடி அழுகிறார். அழட்டும், மகிழ்ச்சிதான்.

அவையோரே, முடிவுரையாக அடுக்குமொழி ஒன்று தயாரித்து வந்தேன். அது வேண்டாம். ஹிஸ்கே ஒருத்தி எழுந்தாள். எழாமல் இருப்பவர்கள் எத்தனை பேரோ? தங்களுக்கே இன்னும் தெரியாதவர்கள் எத்தனை பேரோ? அவர்கள் பிள்ளைகளும் நாளைக்குக் 'காணப்படாதவர்' ஆகலாமா? ஆகலாமா?

நான் கேட்பது இதுதான். ஜாடிகள் திறக்கட்டும்! தழும்புகளை எண்ணட்டும்! ஆய்வை மறுபடி நடத்தவேண்டுமானால் வார இறுதியிலும் வந்து நடத்தட்டும்! அதுவரை அந்தக் கரைப்பானில் ஒரு சொட்டும் கூடத்துக்குள் வரக்கூடாது. தலைவர் அவர்களே, அவையின் கருத்தைக் கேளுங்கள். இதற்கு இசைபவர்கள் கை தூக்குங்கள்!

நடுவரிசை முழுக்கக் கைகள்... பின்வரிசைக் காளையர் இரண்டு கையையும் தூக்குகிறார்கள். ஒன்று போதும் தம்பிகளே. முன்வரிசையில் ஒரு கை... டாக்டர் போஸ்மாவா? மேலாளர் சட்டையைப் பிடித்து இழுத்தும் இறங்காத கை!

நன்றி, டாக்டர். மனமார்ந்த நன்றி. ஆனாலும் நான் சந்தேகக்காரி. நீங்கள் எண்ணும்போது பக்கத்தில் நின்று நானும் எண்ணுவேன். இடம் தந்த தலைவருக்கும், ஈரத்தோடு இருந்து கேட்ட உங்களுக்கும், கையைத் தூக்கிய உங்கள் துணிவுக்கும் நன்றி கூறி அமர்கிறேன். வணக்கம்.