கூட்டம் கலையாதிருக்க ஒரு வழி

கடல் மீன் தொட்டிக்குத் தண்ணீர் தயார் செய்யும்போது தண்ணீரில்தான் உப்பைப் போட வேண்டும். உப்பின் மேல் தண்ணீரை ஊற்றினால் அடியில் சுண்ணாம்பு மாதிரி கட்டிக்கொள்ளும். பாதிப் பேர் இதையே தப்பாகச் செய்துவிட்டு, மீன் செத்துப்போச்சு என்று கடைக்காரனிடம் சண்டைக்குப் போவார்கள். நான் இருபத்திரண்டு வருஷமாக ஒரு ஹோட்டல் வரவேற்பறையில் தொட்டியைப் பார்த்துக்கொள்கிறவன். நீங்கள் கேட்டது வேறு விஷயம் என்று தெரியும், ஐயா. ஆனால் இங்கிருந்து ஆரம்பித்தால்தான் உங்களுக்குப் புரியும்.

அந்தத் தொட்டியில் இருப்பவை பவளப்பாறைக் குட்டி மீன்கள். விரல் நீளம்தான். பச்சையா நீலமா என்று அடித்துச் சொல்ல முடியாத நிறம். கடலில் நூற்றுக்கணக்கில் ஒன்றாகத் திரும்பும், ஒன்றாக நிற்கும். அந்த அழகுக்காகத்தான் வாங்குகிறார்கள். தொட்டியில் விட்ட முதல் இரண்டு வாரம் அப்படியே இருக்கும். பிறகு, இங்கே நம்மைத் தின்ன யாரும் இல்லை என்று தெரிந்துவிடும். அவ்வளவுதான், ஆளுக்கொரு மூலை. அதோடு விட்டாலும் பரவாயில்லை. இருப்பதிலேயே சாதுவான ஒன்றைப் பிடித்துக்கொண்டு மற்றதெல்லாம் கொத்தும். வால் போகும், துடுப்பு போகும், ஒரு நாள் காலையில் வடிகட்டியில் ஒட்டிக்கொண்டு கிடக்கும். உடனே அடுத்த சாது. இருபது விட்டால் வருஷக் கடைசியில் மூன்று மிஞ்சினால் அதிகம். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருப்பேன். அதுகளுக்குப் புத்தி சொல்ல முடியுமா, கையை விட்டு விலக்கத்தான் முடியுமா? அந்தக் கையாலாகாத்தனத்தை அனுபவித்தவனுக்குத்தான் தெரியும்.

நான் கண்ட வழி சுலபமானது. தொட்டியின் ஓரத்தில் ஒரு கண்ணாடித் தடுப்பை நிறுத்தி, அதற்குப் பின்னால் சின்ன மீன்களை விழுங்கும் களவா மீன் ஒன்றை விட்டேன். நல்ல அகலமான வாய் அதற்கு. ஒரு மணி நேரத்தில் குட்டிகள் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. கொத்துவது நின்றது. மேலாளர் வந்து பார்த்துவிட்டு, "என்னங்க, மந்திரம் கிந்திரம் போட்டீங்களா?" என்றார். எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

என் மனைவி போனபின் வீட்டில் நானும் மூன்று பிள்ளைகளும். பெரியவன் லிப்ட் ரிப்பேர் பார்க்கிறவன். அடுத்தவள் ஒரு பல் டாக்டரிடம் வேலை செய்கிறாள். கடைசி சிட்டு. கூப்பிடுகிற பெயர்தான், இருபத்தாறு வயசு. மூக்குக்கண்ணாடிக் கடையில் பிரேமுக்கு லென்ஸ் பொருத்துவாள். வாயில்லாப் பூச்சி. அவர்கள் அம்மா இருந்தவரை ஒரே மேஜையில் சாப்பிட்டார்கள். அவள் போன ஆறாம் மாதமே தட்டைத் தூக்கிக்கொண்டு அவரவர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார்கள். பெரியவனும் அடுத்தவளும் தனித்தனியாக வீடு தேட ஆரம்பித்தார்கள். இருவரும் மோதிக்கொள்ளும்போதெல்லாம் அது சிட்டு தலையில்தான் விடியும். குழாய் சொட்டினால் அவள், பால் பொங்கினால் அவள். "நீயெல்லாம் ஒரு ஆளுன்னு உன்னை எவன் கேட்டான்?" என்று அக்காள் ஒரு நாள் கேட்டாள். சிட்டு சிரித்துக்கொண்டே பாத்திரம் கழுவினாள். அந்தச் சிரிப்பைப் பார்த்துத்தான் நான் தலையிட்டேன்.

"அப்பா, நீங்க உங்க மீனைப் பாருங்க, போதும்" என்றான் பெரியவன். சரி என்று மீனையே பார்த்தேன்.

முதல் கடிதத்தை ஹோட்டலில் உட்கார்ந்து இடது கையால் எழுதி, வீட்டுக் கேட்டில் செருகினேன். 'மூணு பேரும் எப்ப போறீங்க எப்ப வர்றீங்கன்னு எனக்குத் தெரியும்.' வேறு ஒன்றும் இல்லை. மறு வாரம் பெரியவன் வண்டியின் டயரைக் கிழித்தேன். பத்து நாள் கழித்து அடுத்தவளின் ஜன்னல் கண்ணாடி உடைந்தது. போலீசுக்குப் போகலாம் என்று பெரியவன் சொன்னதும் நானே வந்து உங்களிடம் புகார் எழுதிக் கொடுத்தேன். நீங்கள் என்னை உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்தீர்கள். நல்ல மனசு உங்களுக்கு.

அதற்குப் பின் வீடு மாறியதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பெரியவன் வேலை முடிந்ததும் இரண்டு தங்கைகளையும் கூட்டிக்கொண்டுதான் வீட்டுக்கு வருவான். ஒரே மேஜை, ஒரே நேரம். ஆள் மாற்றி ஆள் தாழ்ப்பாளைச் சரிபார்ப்பார்கள். அக்காள் சிட்டுவை உட்காரவைத்துத் தலை பின்னினாள். யாரும் வீடு தேடவில்லை. ஐயா, அந்த ஏழு மாதம் மாதிரி நான் என் ஆயுசில் சந்தோஷமாக இருந்ததில்லை.

சிட்டு கண்டுபிடித்துவிட்டாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், நான்காவது கடிதத்தைத் தன் பூதக்கண்ணாடியோடு என் முன்னால் வைத்தாள்.

"இந்த மடிப்புல பாருங்கப்பா. உப்புப் பூத்திருக்கு. உங்க சட்டையில பூக்குமே, அதே மாதிரி."

நான் பூதக்கண்ணாடியை எடுத்து வைத்துப் பார்த்தேன். உப்புதான்.

"யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்றாள். "நிறுத்திடாதீங்கப்பா. இப்பத்தான் ரெண்டு பேரும் என்கிட்ட மனுஷி மாதிரி பேசறாங்க."

"சரிம்மா" என்றேன். கடிதத்தை மடித்து, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு அவள் துணி மடிக்கப் போய்விட்டாள்.

தொட்டியில் ஒரு தொல்லை உண்டு. களவா தடுப்பைத் தாண்டி வராது என்பது கொஞ்ச நாளில் குட்டிகளுக்குப் பிடிபட்டுவிடும். மறுபடியும் கூட்டம் கலையும், கொத்தல் தொடங்கும். அப்போது தடுப்பை ஒரு நிமிஷம் தூக்குவேன். ஒன்று போகும். மற்றவை அடுத்த ஆறு மாதத்துக்கு இணைபிரியாமல் நீந்தும். மாதம் ஒன்று இரண்டாகக் கொத்துப்பட்டுச் சாவதைவிட இது நியாயம்தானே. எது போக வேண்டும் என்று நான் தேர்ந்தெடுப்பதில்லை. சாதுவானதுதான் பின்தங்கும். எப்படியும் மற்றவை அதைத்தான் முதலில் கொன்றிருக்கும்.

வீட்டிலும் அதுவே நடந்தது. ஆறாவது கடிதத்தைப் பெரியவன் கசக்கி எறிந்தான். "எவனோ வேலைவெட்டி இல்லாதவன்பா, விடுங்க" என்றான். அடுத்தவள் தனியாக ஓர் அறை பார்த்துவிட்டு வந்தாள். அன்று சாயங்காலம் சிட்டு கை தவறி ஒரு டம்ளரை உடைத்துவிட்டாள். இருவரும் சேர்ந்து அவளைப் பிடித்துக்கொண்டார்கள். பாதியில் அவள் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள். நான் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டேன். எழுந்து இரண்டு பேர் கன்னத்திலும் ஓர் அறை விட்டிருக்கலாம், அல்லது அவளைக் கூட்டிக்கொண்டு வேறெங்காவது போயிருக்கலாம். அதெல்லாம் இப்போது தோன்றுகிறது. அன்று எனக்குத் தெரிந்த வழி ஒன்றே ஒன்றுதான்.

மாடி பால்கனிக் கம்பியைச் சுவரோடு பிடித்திருப்பவை நான்கு போல்ட். மூவரும் வேலைக்குப் போயிருந்தபோது கழற்றிவிட்டு, கம்பி பார்வைக்கு அப்படியே நிற்கும்படி வைத்தேன். வெளியாள் செய்த வேலை என்று தெரிய வேண்டாமா? அதனால் நான்கையும் பால்கனியை ஒட்டிய ஜன்னலின் வெளி விளிம்பில் வைத்தேன். அங்கேதான் பிசகிவிட்டேன். உப்புத் தண்ணீரில் புழங்குகிறவன் இரும்பை அப்படியே போட மாட்டான், ஐயா. நல்ல தண்ணீரில் கழுவி, துடைத்து, ஒரு பொட்டு கிரீஸ் தடவி, வரிசையாக வைப்பான். என்னை அறியாமல் அப்படியே செய்திருக்கிறேன்.

ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் பெரியவனும் அடுத்தவளும் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு அழுதார்கள். என்னையும் இழுத்துச் சேர்த்துக்கொண்டார்கள். சிட்டு போய்விட்டாள் என்று டாக்டர் வந்து சொன்ன பிறகும் அவர்கள் கை விடவில்லை. இரண்டு நாள் கழித்துப் பெரியவன் அந்த விளிம்பைப் பார்த்திருக்கிறான். நாளெல்லாம் போல்ட்டோடு மல்லுக்கட்டுகிறவன், அவனுக்கா தெரியாது? 'இப்படிக் கழுவி வைக்கிறது எங்க அப்பா மட்டும்தான்' என்று அவன் சொன்னதாக நீங்கள்தான் படித்துக் காட்டினீர்கள்.

நேற்று நான் சொன்னதில் ஓர் இடத்தைத் திருத்திக்கொள்ளுங்கள். யார் போய்ச் சாய்வார்கள் என்று எனக்குத் தெரியாது, அவளாகத்தான் சாய்ந்தாள் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படி இல்லை. அன்று நாலரை மணிக்கு மற்ற இருவரும் உள்ளே இருந்தார்கள். நான் கீழே வாசலில் நின்று, "சிட்டு" என்று கூப்பிட்டேன். நான் கூப்பிட்டால் அவள் ஓடி வந்து கம்பியில் வயிற்றை அழுத்திக்கொண்டுதான் எட்டிப் பார்ப்பாள். "என்னப்பா?" என்றாள். பதில் சொல்லாமல் இரண்டடி தள்ளி நின்றுகொண்டேன். ஆனாலும் இதையும் எழுதிக்கொள்ளுங்கள்: நிறுத்த வேண்டாம் என்று கேட்டவள் அவள்தான்.

இரண்டு பேரும் வெளியே பெஞ்சில் இருப்பதாகக் காவலர் சொன்னார். என் முகத்தில் விழிக்க மாட்டார்களாம். இருக்கட்டும். பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்களா என்று மட்டும் பார்த்துச் சொல்லுங்கள், ஐயா.