மூன்றாவது சிலிண்டர்

குழுவில் எல்லாரும் நலம்தானே? பெருநாள் பலகாரத்தில் யாருக்கும் சர்க்கரை ஏறிவிடவில்லையே? எனக்கு முழங்கால் வலியைத் தவிர ஒரு குறையும் இல்லை. தம்பிகள் சிலர் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். மூன்று லட்சம் கிலோமீட்டர் ஓடிய டர்போ வண்டி, நேற்றுவரை பறந்தது, இன்று திடீரென்று ஒரு சிலிண்டர் எரியாமல் திணறுகிறது, எங்கிருந்து தேடுவது என்று. எங்கள் வீட்டிலேயே அப்படி ஒரு வண்டி இருந்தது. அதை வைத்தே சொல்கிறேன்.

வண்டி என் மருமகன் சுஃபியானுடையது. நாலு சிலிண்டர், ஜப்பானில் செய்தது. என் வீட்டுக்காரர் யூசோப் எங்கள் ஊர் ரவூப்பில் ஆரம்பித்த பட்டறைக்கு வேலைக்கு வந்தவன், என் மகள் மர்லினாவைக் கட்டிக்கொண்டான். யூசோப் போன பிறகு நானும் அவனுமாகத்தான் பட்டறையை நடத்தினோம். நல்ல வேலைக்காரன். மர்லினாவைப் போலவே என்னை ‘மாக்’, அம்மா, என்றுதான் கூப்பிடுவான். வாய்தான் கொஞ்சம் நீளம்.

நோன்பு மாதத்தின் பின்பாதி. ஊருக்குப் போகிறவர்கள் எல்லாம் வண்டியைக் கொண்டுவந்து வரிசையாக நிறுத்தும் நேரம். ஊரார் வண்டிக்கு நடுவில் சொந்த வண்டியைப் பார்க்க அவனுக்கு நேரமில்லை. அவசரத்தில் நாலு பிளக்கையும் மாற்றிவிட்டு, பெட்ரோல் சரியில்லை என்று பங்க்காரனைத் திட்டிக்கொண்டிருந்தான். நீங்களும் அதைத்தான் செய்கிறீர்கள். முதலில் சாமான் வாங்காதீர்கள். முதலில் கேளுங்கள்.

இன்ஜினைச் சும்மா ஓடவிட்டு, ஒவ்வொரு பிளக்கின் மேலும் உட்கார்ந்து பொறி கொடுக்கும் காயிலின் வயரை ஒன்றன்பின் ஒன்றாகக் கழற்றிப் பாருங்கள். நல்ல சிலிண்டர் என்றால் சத்தம் தொய்ந்துபோகும். செத்த சிலிண்டர் என்றால் சத்தம் மாறாது. சுஃபியான் வண்டியில் நாலுமே தொய்ந்தது. அதாவது சும்மா நிற்கையில் ஒன்றும் இல்லை. சூடேறி, மேட்டில் காலை அழுத்தி, டர்போ காற்றைத் தள்ளும்போதுதான் நோய் வெளியே வரும். இந்த மாதிரி நோய்தான் ஆளை ஏமாற்றும்.

அன்றைக்கு நோன்பு துறக்கும் வேளையில் எல்லாரும் உள்ளே பேரீச்சம்பழத்துக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். நான் மட்டும் வெளியே இருந்தேன். சூடான இன்ஜினை ஓடவிட்டு, விளக்கை அணைத்து, காயில்கள் மேல் பூந்தூறலாகத் தண்ணீர் அடித்தேன். மூன்றாவது காயிலின் பக்கவாட்டில் முடி அளவு விரிசல். அதன் வழியாக ஒரு நீலப் பொறி வெளியே ஊர்ந்துகொண்டிருந்தது. உள்ளே பாய வேண்டியது வெளியே ஓடினால் சிலிண்டர் எப்படி எரியும்? இழுப்பறையில் புதுக் காயில் இருந்தது. போட்டேன். ஒரு போல்ட், ஒரு கிளிப், அவ்வளவுதான் வேலை.

சுஃபியான் சாப்பிட்டுவிட்டு வந்து மேட்டில் ஓட்டிப் பார்த்தான். இறங்கும்போது முகமெல்லாம் சிரிப்பு.

“ஷா ஆலாம் போறப்ப உங்க காதை மட்டும் கழட்டிக் குடுத்துடுங்க மாக். இந்தப் பட்டறையை விலைக்குக் கேக்குறானே, அந்தச் சீனன் எடுத்துக்கட்டும்.”

என்ன கோளாறு என்று அவன் கேட்கவில்லை. நான் சொல்லவும் இல்லை.

ஷா ஆலாம் விஷயத்தையும் சொல்ல வேண்டும். அங்கே பட்டணத்தில் ஒரு பெரிய கம்பெனிப் பட்டறையில் அவனுக்கு வேலை கிடைத்திருந்தது. பெருநாள் முடிந்ததும் மர்லினாவைக் கூட்டிக்கொண்டு போய்விடுவான். அங்கே ஏசி போட்ட ஷெட்டு என்று பெருமை பேசுவான். “ஏசியில நட்டு தானாக் கழலுமாடா?” என்று கேட்டேன். “கழலாது மாக், ஆனா கழட்டுறவனுக்கு வேர்க்காது” என்றான். மர்லினாவும் சேர்ந்து சிரித்தாள். பெற்ற பெண் அவன் பக்கம் நின்று சிரித்தால் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

மறுநாள் சாயங்காலத்துக்குள் அவன் ஷா ஆலாம் போய் வாடகை வீட்டுச் சாவியை வாங்க வேண்டும். பிந்தினால் வீடு வேறு ஆளுக்குப் போய்விடும். வழியில் வண்டி கொஞ்சம் படுத்தால் போதும், வேறு ஒன்றும் வேண்டாம் என்று நினைத்தேன். அவன் தராவீஹ் தொழுகைக்குப் பள்ளிவாசலுக்குப் போனதும் புதுக் காயிலைக் கழற்றிப் பழையதையே மாட்டினேன். விரிசல் கண்ணில் படாமல் இருக்க நன்றாகத் துடைத்து மாட்டினேன். எப்போதும் துடைத்து மாட்டுங்கள், அது நல்ல பழக்கம்.

மறுநாள் மலைப்பாதையின் ஏற்றத்தில் மூங்கில் லாரி ஒன்றை முந்த ஏறியிருக்கிறான். வண்டி பாதியில் மூச்சு நின்ற மாதிரி தயங்கியது என்று லாரிக்காரர் சொன்னார். எதிரே வேன். அங்கேயே முடிந்துவிட்டது. வேனில் இருந்தவர்களுக்குக் காயம்தான், அல்ஹம்துலில்லாஹ்.

எங்கள் ஊரில் நொறுங்கிய வண்டியை இழுத்து வைக்கும் இடமும் எங்கள் பட்டறைதான். போலீஸ்காரர் என்னிடமே, “மாக் சிக், நீங்களே பாத்துச் சொல்லிடுங்க” என்றார். அந்த வட்டாரத்தில் வேறு யாரிடம் கேட்பார்கள்? பானெட்டை நெம்பித் திறந்தேன். மூன்றாவது சிலிண்டரில் இருந்ததை எடுத்துக்கொண்டு புதுசை வைத்தேன். மர்லினா வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

“வண்டியில என்ன கோளாறு மாக்?”

“வண்டியில ஒண்ணும் இல்ல மா. ஓட்டினவன்கிட்டதான் கோளாறு.”

அவள் நம்பினாள். என் காதை நம்பாதவர்கள் ரவூப்பில் இல்லை. அன்றைக்கே அவன் படத்தைச் சுவரிலிருந்து இறக்கினாள். என்னை இப்படி விட்டுட்டுப் போற அளவுக்கு அந்த லாரியை முந்தி என்ன கிடைச்சுது என்று படத்தைப் பார்த்தே கேட்டாள். நான் தடுக்கவில்லை. துக்கத்துக்குத் திட்ட ஒரு ஆள் வேண்டும்.

பெருநாள் காலையில் வழக்கப்படி மண்டியிட்டு என் கையை முத்தமிட்டு, வெளியே தெரிந்ததும் மனசுக்குள் இருப்பதுமாகத் தன் தவறுகளை எல்லாம் மன்னிக்கச் சொன்னாள். பெரியவர்கள் மன்னித்துவிட்டுத் தாங்களும் மன்னிப்புக் கேட்பதுதான் முறை. நானும் கேட்டேன்.

“வெளிய தெரிஞ்சது, உள்ள இருக்கறது, எல்லாத்தையும் மன்னிச்சிடு மா.”

“மன்னிச்சுட்டேன் மாக்.”

என்னவென்று அவள் கேட்கவில்லை. அந்த நாளில் யாரும் கேட்பதில்லை. கேட்டாயிற்று, கொடுத்தாயிற்று, அது முடிந்த கணக்கு. அதனால்தான் உங்களிடம் இவ்வளவு நிம்மதியாகச் சொல்ல முடிகிறது.

அப்புறம்தான் அவள் ஒன்று சொன்னாள். ஷா ஆலாமில் அவன் அந்த வீட்டையே பிடித்துக்கொண்டு நின்றதற்குக் காரணம், கீழ்த்தளத்தில் ஒரு அறை இருந்ததுதானாம். என் முழங்காலுக்குப் படி ஏற வேண்டாம் என்று. சாவியைக் கையில் கொடுத்துப் பெருநாளன்று சொல்லலாம் என்று வைத்திருந்தானாம். முன்னாலேயே சொல்லியிருக்கலாம். சொல்லாமல் வைத்தது அவன் தப்பு.

இன்னொன்று. கிளம்பும்போது ஹைவேயா, மலை ரோடா என்று என்னிடம்தான் கேட்டான்.

“ஹைவேயில இப்பவே பெருநாள் கூட்டம். மலை ரோட்டுல போ.”

“மூங்கில் லாரி பின்னாடி ஊர்ந்து போகணுமே மாக்.”

“உன் வண்டிக்கு லாரி எல்லாம் ஒரு பொருட்டா?”

சிரித்துக்கொண்டே என் கையை முத்தமிட்டுவிட்டுப் போனான். ஹைவே அன்றைக்குக் காலியாகத்தான் இருந்தது. அந்தக் காயில் சமதளத்தில் படுக்காது, நிழலில் நிற்கையில் படுக்காது. ஏற்றத்தில், சூட்டில், காலை முழுசாக அழுத்தி ஒருத்தனை முந்தும்போதுதான் படுக்கும். அது எனக்குத் தெரியும். கொஞ்சம் தாமதமாக வேண்டும் என்றுதான் செய்தேன்.

மர்லினா இங்கேயேதான் இருக்கிறாள். பேச்சுதான் குறைந்துவிட்டது, நோன்பு இளைப்பாக இருக்கும். நேற்று நொறுங்கிய வண்டிப் பக்கம் போய்ப் பானெட்டுக்குள் குனிந்து நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று காயில் கறுத்துப் பழையதாகவும் ஒன்று மட்டும் பளபளவென்றும் இருப்பது யார் கண்ணிலும் படும்தான். அவள் ஒன்றும் கேட்கவில்லை. மன்னித்துவிட்ட பிறகு கேட்க என்ன இருக்கிறது?

உங்கள் வண்டியும் சூடானால் மட்டும் திணறுகிறது என்றால், எந்தச் சிலிண்டர், எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று இங்கே எழுதுங்கள். ஒவ்வொன்றாகப் படித்துப் பதில் சொல்கிறேன். இப்போது எனக்கு வீட்டில் பேச ஆள் இல்லை.