இரண்டாவது கேமரா

அட, இறங்காதீங்கண்ணே, ஏணியை நான் பிடிச்சுக்கறேன். ஏசியை நிதானமாவே கழட்டி மாட்டுங்க. எனக்கென்ன அவசரம்? இந்த ரூம்ல நான் ஒருத்தன்தான். மத்தவங்க எல்லாம் மேல் மாடிக்குப் போயாச்சு.

என்ன வேலையா? டிஸ்க்ல படம் பாக்கற சாஃப்ட்வேர் இருக்குல்ல... இல்லண்ணே, அதைச் செய்யறது வேற ஆளுங்க. அவங்க பட்டன் வைப்பாங்க. அமுக்கினா உள்ள ஒரு கட்டளை போகணும்ல, ஓடு, நில்லு, அடுத்த சீனுக்குப் போன்னு? அந்தக் கட்டளைங்களை எழுதிக் குடுக்கறது நான். சமையல்காரனுக்கு அடுப்பு செஞ்சு குடுக்கற மாதிரி. சாப்பிடறவன் அடுப்பை எங்க பாக்கறான்?

சிரிக்காதீங்க, இன்னும் வாங்கறாங்க. போன வாரம்கூட ஒரு டான்ஸ் டீச்சர் போன் பண்ணி ஒரு பிடி பிடிச்சாங்க. அவங்க டிஸ்க்ல ஒரே ஆட்டத்தை ரெண்டு கேமராவுல எடுத்திருக்காங்க. முழு ஆளையும் பாக்கலாம், பட்டனை அமுக்கினா காலை மட்டும் பாக்கலாம். கால் வரவே மாட்டேங்குதாம்.

எப்படி வரும்? அந்தக் கட்டளையை நான் பேருக்குத்தான் எழுதி வெச்சிருந்தேன். எந்த டிஸ்க்கைப் போட்டாலும் ஒரு கேமராதான் இருக்குன்னு சொல்லிடும். இதை யாரு அமுக்கப் போறாங்கன்னு ஒரு தெனாவெட்டு.

அப்பவே ஒருத்தி தலைப்பாடா அடிச்சுக்கிட்டா. டெஸ்டிங்ல இருந்தா. நான் எழுதறதுல குத்தம் கண்டுபிடிக்கறதுதான் அவ வேலை. கடையில வாங்கின பிளேயர்ல டெஸ்டுக்கு நாம எடுத்த டிஸ்க்கைப் போட்டா ரெண்டாவது கேமரா வருது, உங்களதுல வரல, சரி பண்ணி ஒரு தடவை பாருங்களேன்னுவா. மெயில் அனுப்பினா போதும், மெனக்கெட்டு என் சீட்டுக்கே வந்து சொல்லுவா. நான் தலையைக்கூட நிமிர்த்த மாட்டேன். தேவையில்லைன்னு எழுதி அவ புகாரை மூடிருவேன். மறுபடியும் திறப்பா. என்னடா இது, இப்படி ஒரு நச்சரிப்புன்னு நினைச்சேன்.

அப்புறம் என்ன, கல்யாணமாகி வெளியூர் போயிட்டா. பத்திரிகை குடுக்கறதுக்கும் சீட்டுக்குத்தான் வந்தா. நானா? பண்ணிக்கலண்ணே. அமையல. தேடவும் இல்ல. வீட்டுக்குப் போனாலும் பேச ஆளில்ல, அதான் உங்களைப் போட்டு அறுக்கறேன்.

டீச்சருக்காக நேத்துதான் உக்காந்து சரி பண்ணேன். பெரிய வேலையே இல்ல. சரியா வருதான்னு பாக்க ரெண்டு கேமரா டிஸ்க் வேணும்ல? டெஸ்ட் பண்றதுக்குன்னு அந்தக் காலத்துல நாங்களே எடுத்தது ஒண்ணு கிடந்துச்சு. கேன்டீன் டேபிளைச் சுத்தி டீம் மொத்தமும் உக்காந்திருக்கோம். முதல் கேமராவுல அவ முதுகுதான் தெரியும். அந்த முதுகை எத்தனை தடவை பாத்திருப்பேன், கணக்கே இல்ல.

பட்டனை அமுக்கினேன். மாறுச்சு.

மேனேஜர் ஏதோ ஜோக் சொல்றாரு, எல்லாரும் விழுந்து விழுந்து சிரிக்கறாங்க. அவ மட்டும் சிரிக்கலண்ணே. என்னையே பாத்துக்கிட்டிருக்கா. டிஸ்க் முடியற வரைக்கும். நான் பேப்பர் கப்பைப் பிச்சுப் பிச்சுப் போட்டுக்கிட்டு உக்காந்திருக்கேன்.