சிவப்பை வெட்டவிடாத எங்கள் படக்காரம்மாவுக்கு

வானிலிருந்து வந்த படத்தில் வேரடி நோயை விரட்டிப் பிடித்தவரே! பார்த்தவர் எல்லாம் பச்சை என்று பாராட்டிய மரத்தைப் பழுது என்று பயமின்றிச் சொன்னவரே! எண்ணெய்ப்பனைத் தோட்டத்தின் இமையாத விழியே! எங்கள் படக்காரம்மாவே! பணி நிறைவு பெறும் தங்களுக்கு, படப்பிரிவும் களப்பிரிவும் கூடி, கொஞ்சம் கோபத்தோடும் கொள்ளை அன்போடும் வாசித்தளிக்கும் மடல் இது.

பணியில் சேர்ந்த நாளில் தங்களுக்குக் கிடைத்தது உரக்கிடங்கை ஒட்டிய ஓர் அறை, ஒரு கணினி, ஓயாமல் இரையும் ஒரு மின்விசிறி. மட்டை தொங்கிய பிறகு நோயைக் கண்டுபிடிப்பது வைத்தியம் அல்ல, துக்கம் விசாரிப்பது என்று கடிந்துகொண்டு, அடித்தண்டு அழுகத் தொடங்கிய மரத்தை அது வாடுமுன்பே செயற்கைக்கோள் படத்தில் சுட்டிக்காட்டினீர்கள். மூக்கின் மேல் கோபம் தங்களுக்கு. மங்கலான படத்தைக் கொண்டுவந்து மேகத்தின் மீது பழி போட்டால், நேரில் பார்த்துவிட்டு வா என்று விரட்டுவீர்கள். வைதுவிட்டு வண்டிக்குப் பெட்ரோலும் போட்டுக் கொடுப்பீர்கள்.

கண்ணுக்குப் புலப்படாத ஒளியைச் சிவப்பாக மாற்றிக் காட்டுவது நம் அறையின் வழக்கம். நலமான மரம் அந்த ஒளியை நிறையத் திருப்பி அனுப்பும். அதனால் படத்தில் நன்கு சிவக்கும். நோய் கண்டது வெளிறும். இது தெரியாமல், புதிதாக வந்த மேலாளர் சிவந்து கிடந்த தொகுதி முழுவதையும் வெட்ட ஆளனுப்பினார். அவர் இதோ முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார். இதை வாசிக்க வேண்டாம் என்று நேற்றுச் சொல்லியனுப்பினார். வாசிக்கிறோம்.

பாதிச் சாப்பாட்டில் எழுந்தோடி, கையைக்கூடக் கழுவாமல் வெட்டும் இயந்திரத்தின் முன் நின்றீர்கள். சிவப்பு என்றால் ஆபத்து என்பது சிறுபிள்ளைக்கும் தெரியுமே என்று அவர் சீறினார். படத்தில் வெளுத்துத் தெரியும் மூலையைத்தான் வெட்ட வேண்டும் என்றீர்கள். அந்த மூலையிலோ மரங்கள் கரும்பச்சையாய்க் குலை தள்ளி நின்றன.

"ஒண்ணை வெட்டிப் பாருங்க ஐயா. உள்ளே அழுகலைன்னா நாளையிலேருந்து நான் வேலைக்கு வரல."

வெட்டினார்கள். அடித்தண்டு தவிடாக உதிர்ந்தது. அன்று மேலாளரைக் கேலி செய்த எங்களை அதட்டியவரும் தாங்களே.

இப்போது, தாங்கள் ஓய்வு பெறும்போது படப்பிரிவும் ஓய்வு பெற வேண்டுமாம். வெளி நிறுவனம் ஒன்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை அறிக்கை அனுப்புமாம். அதுவரை அழுகல் நோய் கைகட்டிக் காத்திருக்குமா? வேருக்கு வேர் தொட்டு அது போய்க்கொண்டே இருக்கும். மேலாளர் ஐயா, தங்கள் முகத்தைப் பார்த்தே சொல்கிறோம்: விழா முடிவதற்குள் படப்பிரிவு அறையைப் பூட்டச் சொல்லியிருக்கிறீர்கள். அது நடக்காது.

அம்மா! முழங்கால் வலி விலகி, வேண்டிய மட்டும் உறங்கி, கண்ணொளி மங்காமல், கோபமும் குறையாமல் பல்லாண்டு நலமாக வாழுங்கள். தாங்கள் பயிற்றுவித்த இருவர் இந்த விழாவுக்கு வரவில்லையே என்று வருந்தாதீர்கள். இன்று வந்த படத்தில் கிழக்கு ஓரம் புதிதாக வெளிறியிருக்கிறது. எழுந்து வந்தால் பூட்டிவிடுவார்கள் என்று, உள்ளே தாழிட்டுக்கொண்டு அவர்கள் வேலை பார்க்கிறார்கள்.

தங்கள் அன்பு மறவாத,
மண்டபத்தில் இருக்கும் ஊழியர்களும்
அறையில் இருக்கும் இருவரும்