எந்தப் பைப்பை முதலில் பூட்டுவது

மஃரிப் பாங்கு சொல்லி முடிந்து இருட்டுகிற நேரம். ஏறாவூரிலிருந்து தன்னாமுனைக்குப் போகிற தெரு. ஒரு பக்கம் வாவி, மறுபக்கம் பற்றை... இடையில் வீடு கிடையாது. சைக்கிளில் ஒரு ஆள், தனியே.

அந்த ஆள் அசனார். நம்ம மஜீட்டின் ராத்தா, மூத்த சகோதரி றபீக்காவைக் கட்டியவர். மஜீட் இந்தா இருக்கிறான். பொய்யென்றால் சொல்லட்டும்.

"பொய்யில்ல," என்றான் மஜீட். "விளக்கக் கொஞ்சம் தூண்டி விடுங்க."

சண்டை முடிந்து, வெள்ளைக்காரன் முகாமைக் கலைத்துச் சாமான்களை விற்ற காலம். அசனார் ஒரு காஸ் பானை வாங்கினார். இரும்பு ஒட்டுகிற பானை. உள்ளே காபைட் கல், மேலே தண்ணீர். தண்ணீர் கல்லில் விழுந்தால் காஸ் கிளம்பும், உள்ளிப்பூண்டு மணக்கும். றபீக்காவின் காப்பு போய்த்தான் அது வந்தது. வேறு பிழைப்பு இல்லை.

ஆனால் பழசு. எத்தனை கை மாறியதோ... திறந்து பூட்டுகிற பைப்புகள், தண்ணீருக்கு ஒன்று காஸுக்கு ஒன்று, தேய்ந்து கிடந்தன. முதல் நாளே நெருப்பு ரப்பர் குழாய்க்குள் திரும்பி ஓடி வந்தது. பானைக்கு ஒரு சாண் இப்பால் தானாக அணைந்தது. அசனாரின் புருவம் இரண்டும் போயிற்று.

"மீசை தப்பிற்று. அல்லாஹ்ட காவல்," என்றாள் றபீக்கா. பிறகு அழுதாள்.

அடுத்த முறை நெருப்பு பானைக்குள் போகும். அது அவருக்குத் தெரியும். முகாமில் அந்தப் பானையில் வேலை செய்தவர் தன்னாமுனை அழகரத்தினம். அவரைக் கேட்டால்தான் உண்டு.

அந்த மஃரிப் நேரம் அவர் வீட்டுக் கடப்படியில், வேலி வாசலில், நின்று கூப்பிட்டார். "அழகரத்தினம் அண்ணன்..."

"வாங்க தம்பி."

மாமரத்தடியிலிருந்து குரல். ஆள் குந்தியிருப்பது மட்டும் தெரிந்தது. வீடு இருட்டு.

"விளக்கு வைக்கல்லயா அண்ணன்?"

"காஸ் இருக்கிற இடத்தில நெருப்பு வைக்கப்படாது."

அசனார் சிரித்தார். வேலைக்காரன் பேச்சு. லேசாக உள்ளி மணத்தது... எங்கோ சமையல் என்று நினைத்தார்.

கேட்டதற்கெல்லாம் பதில் வந்தது, நிதானமாக. கல்லை நெல்லிக்காய் அளவுக்கு உடைக்க வேண்டும். தண்ணீர்ப் பைப்பை அரைச் சுற்றுக்கு மேல் திறக்கக்கூடாது. ஒழுக்குப் பார்க்கச் சவர்க்கார நுரை. தேய்ந்த வாசருக்குப் பதிலாகத் தோல் வெட்டிப் போடலாம்.

"நெருப்புத் திரும்பி வந்தா அண்ணன்? எந்தப் பைப்ப முதல்ல பூட்டுற? தண்ணியா, காஸா?"

வாவியில் ஒரு மீன் துள்ளி விழுந்தது.

"அது... எனக்கும் தெரியாமப் போச்சு, தம்பி."

அசனார் எழும்பினார். "சரி அண்ணன். போயிற்று வாறன்."

"அப்பிடிச் சொல்லாதங்க." குரல் முதல் தடவையாக அவசரப்பட்டது. "இந்த வீட்டில அப்பிடிச் சொல்லப்படாது. பேசாமப் போங்க."

சைக்கிளை உருட்டிக்கொண்டு தெருவுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. தமிழ் ஆட்கள் சொல்லாமல் எழும்பிப் போவது ஒரு வீட்டில்தான். செத்த வீட்டில்.

தோணியிலிருந்து வலையோடு ஏறி வந்த அந்த ஊர்க் கோணாமலையை நிறுத்திக் கேட்டார்.

"அழகரத்தினமா? டவுனில ஒரு கராச்சில காஸ் பானை வெடிச்சு முடிஞ்சார். செத்து எட்டாம் நாள் எட்டுச் செலவும் குடுத்து முடிஞ்சுது. மனிசி மண்டூரில. வீடு பூட்டிக் கிடக்கு... ஆரிட்ட வந்த நீங்க?"

அசனார் சைக்கிளில் ஏறி மிதித்தார்.

கேட்டு வந்தபடியே செய்தார். நெல்லிக்காய் அளவு. அரைச் சுற்று. சுடர் நீலமாக, அசையாமல் நின்றது. உடைந்த இரும்பெல்லாம் அவரிடம் வந்தது.

"அந்தப் பானைய வாவிக்க தள்ளுங்க," என்று றபீக்கா கெஞ்சினாள்.

"தள்ளிற்று என்னத்தத் தின்னுற?"

வாழைச்சேனை வரைக்கும் போய்க் கேட்டார், எந்தப் பைப்பை முதலில் பூட்டுவதென்று. ஒருவருக்கும் தெரியவில்லை. ஒவ்வொரு நாளும் தெரியாமலே பற்ற வைத்தார்.

மாரி தொடங்க முன், ஒரு பின்னேரம், அசர் தொழுகை நேரம், பானை வெடித்தது. வீட்டு முற்றத்துப் பட்டறைக் கூரை தெருவில் கிடந்தது. ஆள் அந்தக் கணமே முடிந்தார் என்றார் டொக்டர்.

றபீக்கா அடுக்களையில் நின்றிருக்கிறாள். புருசன் குரல் கேட்டிருக்கிறது. கடப்படியில் யாரோ கூப்பிட்டால் பதில் சொல்வது போல, ஆறுதலாக:

"இந்தா வாறன், அண்ணன்."

அசனாருக்கு அண்ணன் கிடையாது. வெளியே ஒருவரும் நிற்கவுமில்லை. வெடிக்க முன்னம்தானே சொன்னார் என்று எல்லாரும் கேட்டார்கள். றபீக்கா இன்றைக்கும் ஒன்றைத்தான் சொல்கிறாள்.

வெடிச் சத்தம் முதல் கேட்டதாம்... குரல் அதற்குப் பிறகு.