பதினேழாம் நம்பர்

— கிருமியைப் போடவே மறந்துட்டீங்க அண்ணே. அதான் தட்டுல நடுக்குழியெல்லாம் பச்சைத் தண்ணி மாதிரி தெளிஞ்சு கிடக்கு.

— போட்டேன் மேடம். கேளுங்க...

— போட்டிருந்தா கலங்கியிருக்கணும்ல? பதினேழாம் நம்பர் கிருமி எந்த மருந்துக்கும் அசையாத முரடு. மதியம் ஆய்வுக் குழு வருது. பதினேழைக் கைவிட்டோம்னு அறிக்கையே எழுதிட்டேன்.

— அந்த வரியை அடிச்சிடுங்க.

— லிஃப்ட் வேற ஓடலை. மூட்டு வலியை வெச்சுக்கிட்டு மூணு மாடி ஏறி வந்து வம்பு பண்றீங்களா?

— வலியெல்லாம் இல்ல மேடம், நம்ம நடையே அப்படித்தான். கேளுங்க. இந்த ஓர வரிசை மருந்து மட்டும்.

— கலங்கியிருக்கு.

— இந்தப் பக்கம் மிளகுலேருந்து பிரிச்ச சத்து மட்டும்.

— அரிசி கழுவின தண்ணிதான் இதுவும்.

— ரெண்டும் சேர்ந்த குழிங்க மட்டும் தெளிவு. அதே கிருமிக் குழாய், அதே கை. நடுவுல மட்டும் எப்படி மேடம் மறப்பேன்?

— இருங்க இருங்க. மருந்து எவ்வளவு?

— வழக்கமா போடறதுல எட்டுல ஒரு பங்கு.

— எட்டுல ஒண்ணா! உள்ள போற மருந்தை இந்தக் கிருமி பம்பு வெச்சு வெளியே இறைச்சுக் கொட்டும் அண்ணே. மிளகு அந்தப் பம்பை அடைச்சிருக்கணும்!

— நாலு தடவையா அதைத்தான் காட்டுது.

— நாலா?

— முதல் மூணு தடவை நானும் மறந்துட்டேன்னுதான் நினைச்சேன். கழுவி ஊத்திட்டேன். உப்புப் போட்டோமான்னு ரெண்டு வாட்டி நாக்குல வெச்சுப் பார்க்கற ஆளுன்னு வீட்டுக்காரி திட்டுவா. இந்தத் தடவை கிருமி போடப் போட குழிக்கு ஒரு டிக். நோட்டுல பாருங்க, தொண்ணூத்தாறு டிக்.

— கிருமி சாகாம தூங்கிக்கிட்டிருந்தா? நாளைக்கே எழுந்து வளர்ந்தா?

— நேத்தே தெளிஞ்ச குழியிலேருந்து ஒரு சொட்டு எடுத்து, மருந்தில்லாத புதுத் தட்டுல விட்டேன். இதோ. ஒண்ணுகூட முளைக்கலை.

— செத்தே போச்சு! அண்ணே, செத்தே போச்சு! மனுஷ உடம்புக்குப் போக இன்னும் எத்தனை வருஷமோ, ஆனா செத்தது செத்ததுதான். எங்க அந்த அறிக்கை? கிழிங்க!

— நீங்களே கிழிங்க மேடம். நல்லா சத்தமா.

— முப்பது கிருமி இருக்கு, சுலபமானதா ஒண்ணு எடுங்கன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன். பதினேழையே கட்டிக்கிட்டு அழுதீங்களே! சரி, குழு கேட்பாங்க. யார்கிட்டேருந்து எடுத்தது இது?

— ஒன்பது வருஷம் முன்னாடி, ஒருத்தர் கால் புண்ணுலேருந்து. காலை எடுத்துத்தான் ஆளைப் பிழைக்க வெச்சாங்க.

— ஐயோ பாவம். இப்ப எங்க இருக்காராம்?

— மூணு மாடி ஏறி வந்து, உங்க முன்னாடிதான் மேடம் தட்டோட நிக்கிறேன்.