தனக்குள்

தண்ணி வேண்டாம்மா, தொண்ட நல்லாத்தான் இருக்கு. அடுத்த வாரம் குரல்வளைய எடுக்குற வரைக்கும் அதுக்கு ஒரு குறையும் இல்ல.

நீங்க பதியக் குடுத்ததெல்லாம் மைக்குல படிச்சிட்டேன்ல? வணக்கம், நன்றி, வலிக்குது, ஃபேனப் போடுங்க. ஆபரேஷனுக்கு அப்புறம் போன்ல தட்டினா என் குரல்லயே பேசும், சரி. ஆனா வணக்கத்த அத்தன தடவ சொல்ல வச்சீங்களே, தப்பு உங்க மேல இல்ல. காலேஜ்ல நாடகப் பாடம் எடுத்த ஆளு நான். எதச் சொன்னாலும் கடைசி பெஞ்சு வரைக்கும் போயிட்டுத்தான் வரும். ஃபேனப் போடுங்கன்னு சொன்னது ராஜா போருக்குக் கெளம்புற மாதிரி இருந்துச்சு. நீங்களே சிரிச்சிட்டீங்க.

என்ன எடுத்தேனா? கலைச்சொல்லுதான். உச்சக்கட்டம்னா என்ன, நாடக முரண்னா என்ன. முரண் தெரியுமில்ல? பாக்குறவங்க எல்லாருக்கும் விஷயம் தெரியும், மேடையில நிக்கிறவனுக்கு மட்டும் தெரியாது. ஒரு நாள் இதுக்கு உதாரணம் கேட்டா, கிளாஸே என்னப் பாத்துச் சிரிக்குது. வீட்டுக்குப் போனப்புறம்தான் தெரிஞ்சுது, சட்டைய உள்பக்கம் வெளிய தெரிய மாட்டிக்கிட்டுப் போயிருக்கேன்.

எனக்குப் புடிச்சது வேற ஒண்ணு. நாடகப் புத்தகத்துல வசனத்துக்கு முன்னாடி அடைப்புக்குறி போட்டு, தனக்குள்னு இருக்கும் பாருங்க, அது. நடிகர் முகத்தத் திருப்பிக்கிட்டு ஒண்ணு சொல்லுவாரு. அரங்கம் பூரா கேக்கும், பக்கத்துல தோளிடிக்க நிக்கிறவளுக்குக் கேக்காது. கேக்காத மாதிரி அவ நிக்கணும், அதான் ஏற்பாடு.

அத நான் வீட்டுலயும் வச்சுக்கிட்டேன், கல்யாணமான புதுசுலருந்தே. இதோ கெளம்பிட்டேன்னு சொல்லிட்டு என் வீட்டுக்காரி அலமாரியத் தொறப்பா. நான் செருப்ப மாட்டிக்கிட்டே அந்தப் பக்கம் திரும்பி ஒண்ணு முணுமுணுப்பேன். நான் பூட்டுன பூட்ட மறுபடி இழுத்துப் பாப்பா. படி எறங்கிக்கிட்டே இன்னொண்ணு. அவ ஒரு தடவகூடத் திரும்பிப் பாத்ததில்ல. எனக்கா, பெரும தாங்கல. படிச்ச படிப்பு வீணாகலன்னு.

வெளிய நாற்காலில உக்காந்திருக்காளே, அவதான். டாக்டர் விஷயத்தச் சொன்ன அன்னிக்கு எனக்குப் பேச்சே வரல. ஒத்திகைன்னு வச்சுக்குங்க. மெஷின் வச்சுப் பேசலாம்னு தைரியம் சொல்லி அனுப்புனாரு. அவ அழல. வீட்டுக்கு வந்து பூட்டத் தொறந்துகிட்டே கேக்குறா, நன்றி வணக்கமெல்லாம் மெஷின் சொல்லிடும், அந்தப் பக்கம் திரும்பி ஒண்ணு சொல்லுவீங்களே, அத யாரு சொல்லுவா?

அத்தனையும் கேட்டிருக்கும்மா. இத்தன வருஷமும் நல்லா நடிச்சது அவ. நான் சட்டைய மாத்திப் போட்டுக்கிட்டு நடுமேடையில நின்னிருக்கேன். குரல் போறதுகூடப் போகட்டும், அந்த வீட்டுல அவ தனியா இருக்குற மாதிரி ஆயிடக் கூடாதுன்னுதான் பயமா இருக்கு.

அதான் இன்னும் ஒண்ணே ஒண்ணு பதியணும்னு கேட்டேன். கதவு சரியா சாத்தலையா? இருக்கட்டும், விடுங்க. மைக்கக் கொஞ்சம் தள்ளி வைங்க, இப்படித் திரும்பிக்கிறேன்.

ஆமா, நான் சொல்லி இந்த வீட்டுல என்ன நடந்திருக்கு.

சத்தமாயிடுச்சோ? இருங்கம்மா, இன்னொரு தடவ. அவளுக்குக் கேக்காத மாதிரி சொல்லணும்.